உண்ணியும் ஓபலின் மான்களும்

எங்கள் ஹேலட் தீவுக்கு மான்கள் தாமாக நீந்தி வரவில்லை. குளிர்காலத்தில் கறிக்கு ஆகட்டும் என்று என் அப்பா காலத்து மீனவர்கள் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். இங்கே ஓநாய் இல்லை, கரடி இல்லை. தின்பதும் பெருகுவதும்தான் அவற்றுக்கு வேலை. படகுத்துறைக் கடை என் கைக்கு வந்த சமயத்தில் தீவில் ஆட்களைவிட மான்கள் அதிகம். யார் வீட்டுத் தோட்டத்திலும் ஒரு முட்டைக்கோசு தலை தூக்க முடியாது. ஆனாலும் ஊருக்கு அவற்றின் மேல் ஆசைதான். கோடையில் வந்து தங்குகிறவர்களுக்கு அதைவிட ஆசை.

எல்லாரையும்விட ஆசை ஓபலுக்கு. ஓபல் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். பின்கதவைத் திறந்து ஆப்பிளை நீட்டினால் நாலைந்து மான்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தாள். தாயை இழந்த பெண்குட்டி ஒன்றை அடுப்படியில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அதற்கு டாட்டி என்று பேர். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

ஓபலின் தங்கை வெர்னா. அவள் புருஷன் லீலண்ட் சிங்கி இறால் பிடிக்கிறவன். அக்காளும் தங்கையும் எதிரெதிர் வீடு. ஒரு வீட்டில் கேக் சுட்டால் மறுவீட்டுக்குப் பாதி போகும். இரண்டு பேருக்கும் வாய் நீளம். அதனால் சண்டை வரும், சாயங்காலத்துக்குள் தீர்ந்தும் போகும். அவர்களுக்குள் பேச்சு நின்றுபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

உண்ணி எங்களுக்குப் புதிதல்ல. புல்லில் போய் வந்தால் ஒன்றிரண்டு ஏறும், பிடுங்கி எறிவோம். முன்பெல்லாம் பெரிய நாய் உண்ணிதான் இருந்தது. மான் பெருகப் பெருக, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்ன உண்ணி எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கடித்தால் வலிக்காது, அரிக்காது. குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். தோலில் ஒரு மச்சம் புதிதாக முளைத்ததுபோல இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது லீலண்டின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு வளையம் வந்தது. உள்ளங்கை அகலம், நடுவில் வெளுப்பு. வெர்னாதான் பார்த்தாள்.

"டாக்டர் வர்ற படகுல போய்க் காட்டு."

"விஷப்பூண்டு பட்டிருக்கும். ரெண்டு நாள்ல போயிரும்."

போகத்தான் போயிற்று. பிறகு காய்ச்சல் வந்தது, அதுவும் போயிற்று. இறால் நிறைய ஏறுகிற காலம். காய்ச்சலுக்கெல்லாம் யார் படகைக் கட்டிப் போடுவார்கள்? அடுத்த மாதம் ஒரு காலையில் அவன் என் கடைக்குக் காப்பி குடிக்க வந்தபோது முகத்தின் இடது பாதி தொங்கிக் கிடந்தது. காப்பி வாயோரமாக வழிந்தது.

துறையில் இருந்தவர்கள் சும்மா விடவில்லை. அவன் சித்தப்பா மகன் கார்ல் கேட்டான்: "என்ன லீலண்ட், பாதி மூஞ்சி லீவு போட்டிருச்சா?"

"மீதிப் பாதியே உன் மூஞ்சியைவிட அழகுடா" என்றான் லீலண்ட். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் பாதி முகத்தால் சிரித்தான்.

அந்த வாரமே கடலில், இறால் பிடிக்கிற கூண்டைத் தூக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்தான். ஓடிக்கொண்டிருந்த கயிறு அவன் காலைச் சுற்றிக்கொண்டது. பக்கத்தில் கூண்டு போட்டுக்கொண்டிருந்த கார்ல் பார்த்து, படகை மோதுகிற மாதிரி ஒட்டிக் கொண்டுபோய், தாவிக் கயிற்றை வெட்டினான். இல்லாவிட்டால் லீலண்ட் கூண்டோடு கடலடிக்குப் போயிருப்பான்.

கரையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெர்னாவிடம் சொன்னாள்: "இதயத்தோட மேல்பாதி சொல்றது கீழ்ப்பாதிக்குப் போய்ச் சேரலை. லைம் நோய்னு, உண்ணியால வர்றது, நடுவுல புகுந்துகிட்டிருக்கு. உண்ணி கடிச்சு சிவப்பா வளையம் ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு" என்றாள் வெர்னா.

"அப்பவே வந்திருந்தா மாத்திரையோட முடிஞ்சிருக்கும்."

நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இதயம் ஓடச் சிலநாள் வெளியிலிருந்து ஒரு கருவி வைத்தார்கள். இதயம் சரியாயிற்று, முகமும் மெல்லத் திரும்பியது. ஆனால் இலையுதிர் காலத்தில் முழங்கால் பூசணிக்காய்போல வீங்கியது. ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், மறுபடி மருந்து கொடுத்தார்கள். வீக்கம் வற்றும், திரும்ப வரும். ஆடுகிற படகில் அந்தக் காலை ஊன்றி அவனால் நிற்க முடியவில்லை. கூண்டுகளைக் கார்ல் எடுத்துக்கொண்டான். லீலண்ட் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மிதவைக்கட்டை வர்ணம் பூசிக் கொடுத்தான்.

அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெர்னா வேறு எதையும் பேசுவதில்லை.

அவள் கையில் எப்போதும் ஒரு முள்வாங்கி இருந்தது. கடைக்கு வருகிறவனைப் பிடித்து நிறுத்திக் காதுக்குப் பின்னால் பார்ப்பாள். "பேண்ட்டைக் காலுறைக்குள்ள சொருகுடா. அழகு பார்க்க இங்க யார் இருக்கா?" என்று கத்துவாள். ஒருநாள் கார்ல் கையில் கடித்த உண்ணியைச் சிகரெட் நெருப்பால் சுடப் போனான். அவள் சிகரெட்டைத் தட்டிவிட்டாள்.

"சுட்டா வயித்துல இருக்கறதையெல்லாம் உனக்குள்ளதான் கக்கும். தோலோட ஒட்டினாப்ல பிடிக்கணும். நேரா இழுக்கணும். திருகாதே."

"கட்டினவனைத் திருகித் திருகியே பழக்கம் உனக்கு" என்றான் கார்ல். ஆனால் கையை நீட்டினான்.

பழங்கள் முடிந்து குளிர் ஏறும் நேரம். ஒரு மதியம் வெர்னா என் கடைக்குள் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்போடு வந்தாள். கம்பில் கட்டிப் பள்ளிக்கூடம் போகிற பாதைப் புல்லின்மேல் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கல்லாமேசையில் இருந்த ரொட்டியை ஒதுக்கிவிட்டு விரித்தாள்.

"என்ன இது, எள்ளா?" என்றான் கார்ல்.

"எள்ளுக்குக் கால் முளைக்காது."

குனிந்து பார்த்தோம். விரிப்பு முழுக்க ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. மேசையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவியும் அன்றைக்கு என் கடையில் யாரும் ரொட்டி வாங்கவில்லை.

"இதுல நடந்துதான் உங்க பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது" என்றாள் வெர்னா.

அதன்பிறகு கரையிலிருந்து பூச்சிகளைப் படித்த பெண் ஒருத்தியை வரவழைத்தாள். அந்தப் பெண் மரியாதையான பெண், சுற்றி வளைக்காமல் சொன்னாள். நோய்க்கிருமி எலியிடம் இருக்கிறது. குஞ்சு உண்ணி எலியைக் கடித்து வாங்கிக்கொள்கிறது. ஆனால் வளர்ந்த உண்ணி முட்டையிட மானின் ரத்தம் வேண்டும். மான் இல்லாவிட்டால் உண்ணி வம்சம் அற்றுப்போகும். அதற்குச் சில வருஷம் ஆகும். பாதி மானைக் குறைத்துப் பிரயோசனம் இல்லை.

வெர்னா வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். எதிர்வீட்டுக்கு மட்டும் போகவில்லை. ஓபல்தான் கடைக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால் அவளைக் கேட்டாள்.

"ஊரெல்லாம் போறியே, என்கிட்ட வர வெக்கமா இருந்துச்சா?"

"உன்கிட்ட வந்தா நீ மாட்டேன்னு சொல்லுவே. அதுக்கு எதுக்கு செருப்பைத் தேய்க்கணும்?"

"அந்தப் பொண்ணே சொன்னா, மான் நோயைக் குடுக்கலைன்னு. எலிதான் குடுக்குது. எலியைச் சுடு, போ."

"எலிக்கு யாரும் ஆப்பிள் ஊட்டலையே ஓபல்."

ஓபலின் முகம் வெளுத்தது. "உன் புருஷன் சிவப்பைப் பார்த்த அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா அவன் இன்னிக்குப் படகுல இருப்பான். அவன் சோம்பலுக்கு என் பிள்ளைங்க சாகணுமா?"

"பிள்ளைங்களா? மிருகம் ஓபல் அது."

"நாப்பது வருஷம் நானும் இந்த ஊர்ப் பிள்ளைங்களை மேய்ச்சேன். வித்தியாசம் எனக்குத் தெரியும். மிருகம் நன்றியோட இருக்கும்."

எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது. என் பேத்தி அந்தப் பாதையில்தான் நடந்தாள். அதனால் நான் வெர்னா பக்கம்.

மார்ச்சில் ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. வெளியே பனி இன்னும் உருகவில்லை. பிள்ளைகளின் சின்ன பெஞ்சுகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தோம். லீலண்ட் மட்டும் காலை நீட்டிக்கொண்டு ஓரத்தில் இருந்தான்.

ஓபல் கத்தவில்லை. "நீங்க எல்லாரும் இந்த ரூம்ல என்கிட்ட படிச்சவங்க" என்று தொடங்கினாள். "பேண்ட்டைச் சொருகிக்கலாம். மருந்து தெளிச்ச துணி போட்டுக்கலாம். வீட்டுக்கு வந்ததும் குளிச்சுட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கலாம். புல்லை ஒட்ட வெட்டலாம். இதுக்கெல்லாம் சோம்பல்பட்டுட்டு, கைல வந்து திங்கிறதைச் சுடுவீங்களா? நாமதானே கொண்டுவந்தோம்? அதுங்க கேட்டுச்சா?" கோடைக்காரர்களை வைத்துப் பிழைக்கிறவர்கள் கை தட்டினார்கள்.

வெர்னா எழுந்தாள். உண்ணி பற்றி, பிள்ளைகள் பற்றி நன்றாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"வார்த்தை எதுக்கு? லீலண்ட், எந்திரி. பேண்ட்டைத் தூக்கி அந்தக் காலைக் காட்டு."

லீலண்ட் சுவரைப் பார்த்தான்.

"எந்திரிக்க முடியலைன்னா நான் பிடிச்சுக்கறேன். இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதான்."

அவன் அசையவில்லை. வெர்னா கையை நீட்டியபடி நின்றாள். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கை தூக்கச் சொன்னார்கள். மான்களை முழுக்க அழிக்கலாம் என்கிறவர்கள் முதலில். நான் தூக்கினேன், கார்ல் தூக்கினான், பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கியபோது ஓரத்தில் ஒரு கை மெல்ல எழுந்தது. லீலண்டின் கை. வெர்னா முன்வரிசையில் இருந்ததால் உடனே பார்க்கவில்லை. மற்றவர்கள் திரும்புவதைப் பார்த்துத் திரும்பினாள்.

தீர்மானம் கொஞ்ச வித்தியாசத்தில் தேறியது.

வெளியே பனியில் அவள் அவனை மறித்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் நிற்கிறோம் என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் இல்லை.

"உனக்காகத்தானே செஞ்சேன்! வீடு வீடா அலைஞ்சேனே, யாருக்காக?"

"நான் கேட்டேனா?"

"கேட்கணுமா? நீ கொட்டகைல உட்கார்ந்து கட்டைக்கு வர்ணம் பூசறதை நான் பார்த்துட்டு சும்மா இருக்கணுமா?"

"ஆமா. சும்மா இருந்திருக்கணும்." அவன் குரலை உயர்த்தவில்லை. "கடலுக்குப் போறவனா இருந்தேன். நோய் என்னை நொண்டியாக்குச்சு. நீ என்னை ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலயும் கொண்டுபோய்க் காட்டுற பொருளாக்கிட்டே. இப்ப இந்த ஊர்ல ஒருத்தனும் என் மூஞ்சியைப் பார்த்துப் பேசறதில்லை வெர்னா. காலைப் பார்த்துத்தான் பேசறான்."

கைத்தடியை ஊன்றிக்கொண்டு போனான். அவள் பின்னால் போகவில்லை.

அடுத்த குளிர்காலம் கரையிலிருந்து ஒரு வேட்டைக்காரர் வந்தார். அந்த வேலைக்கென்றே போகிறவர், அதிகம் பேசாதவர், என் கடையில்தான் சாப்பிட்டார். ஆப்பிளும் சோளமும் கொட்டி வைத்துக் காத்திருந்து சுட்டார். கறி வீணாகவில்லை, எல்லார் வீட்டுக்கும் பங்கு வந்தது. ஓபல் திரைச்சீலைகளை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வெடிக்கும் அவள் வீட்டு விளக்கு அணைந்து எரியும் என்று கார்ல் சொன்னான். அப்படியெல்லாம் இல்லை, அவன் கதை கட்டுகிறவன்.

பனி இளகும் சமயத்தில் வேட்டைக்காரர் பையைக் கட்டினார். "முடிஞ்சுது. கால்தடமே இல்லை" என்றார்.

ஒன்று மிச்சம் இருந்தது. டாட்டி ஓபலின் விறகுக் கொட்டகையில் இருந்தது. ஊருக்கே தெரியும். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, ஒரு மானால் என்ன ஆகிவிடும் என்று.

வெர்னாவும் அவரிடம் சொல்லவில்லை. பட்டப்பகலில் தெருவைக் கடந்து போய் அக்காவின் பின்கதவைத் தட்டினாள். நான் ஓபலுக்கு மாவு மூட்டை கொண்டுபோயிருந்தேன். அடுப்படியில் நின்றேன்.

"டாட்டியை வெளிய விட்டுடு ஓபல்."

"ஒண்ணே ஒண்ணு. கிழடு."

"கிழடு இல்லை. இலையுதிர் காலத்துல கடா கூடத் திரிஞ்சுச்சு. வயித்துல குட்டி இருக்கு, எனக்குத் தெரியுது. குட்டி கடாவா இருந்தா? திரும்ப முதல்லேருந்தா? மத்ததெல்லாம் எதுக்குச் செத்துச்சு அப்ப?"

"உன் மனசுல கல்லு இருக்கா, இல்லை வெறும் ஓட்டையா?"

"எனக்கு இதுல எதுவும் மிச்சம் இல்லை. புருஷன் பேசறதில்லை. நீ பேசப் போறதில்லை. இதாவது முழுசா முடியட்டும்."

ஓபல் போய்க் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. கூடையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து வெர்னாவின் கையில் வைத்தாள்.

"கயிறு வேணாம். இதைக் காட்டினா வரும். நீயே கூட்டிட்டுப் போ. எதை நம்பி வருதுன்னு வழியெல்லாம் பார்த்துக்கிட்டே போ."

வெர்னா ஆப்பிளை வாங்கிக்கொண்டாள். டாட்டி கொட்டகை இருட்டிலிருந்து வெளியே வந்து வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டியது. அவள் கையை முகர்ந்தது. அவள் நடந்தாள், அது பின்னால் வந்தது. தெருவின் கடைசிவரை, அவசரமே இல்லாமல், நடுவில் நின்று வேலியோரம் எதையோ கடித்துவிட்டு, மறுபடி அவளைத் தேடி ஓடி வந்து சேர்ந்துகொண்டது. கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால்தான் வேட்டைக்காரர் தங்கியிருந்த வீடு; வெர்னா கூப்பிட்டதும் துப்பாக்கியோடு வெளியே வந்தார். ஒரு வெடிதான் கேட்டது.

அந்தக் கறியை யாரும் வாங்கவில்லை. கார்லும் லீலண்டும் குழி தோண்டிப் புதைத்தார்கள். நொண்டிக்கொண்டே லீலண்ட் மண்வெட்டி பிடித்தான். வெர்னா போய் நின்றபோது, "நீ போ" என்றான்.

அந்தக் கோடையில் உண்ணி குறையவில்லை, கூடியது. மான் இல்லாததால் வளர்ந்த உண்ணியெல்லாம் நாய் மேலும் ஆள் மேலும் ஏறியது. அந்தப் படித்த பெண் சொல்லித்தான் இருந்தாள், ஆனால் யாருக்கு ஞாபகம்? கார்லின் மகளுக்குச் சிவப்பு வளையம் வந்தது. வெர்னாதான் கண்டுபிடித்து அன்றைக்கே படகில் ஏற்றி அனுப்பினாள், மாத்திரையோடு சரியாயிற்று. அதற்குக் கார்லின் பெண்டாட்டி சொன்ன நன்றி இதுதான்: "மானையும் கொன்னாச்சு, உண்ணியும் போகலை. எல்லாம் உன் பேச்சைக் கேட்டு."

வெர்னா விரிப்பைக் கம்பில் கட்டிக்கொண்டு தனியாகப் பாதையில் நடப்பாள். முன்பெல்லாம் கடைக்குக் கொண்டுவந்து காட்டியவள், இப்போது வீட்டில் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

ஓபல் அடுத்த வருஷம் கரைக்குக் குடிபோனாள். வீட்டைக் கோடைக்காரர்களுக்கு விற்றாள். போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஏறி விடைபெற்றாள், ஒரு வீட்டைத் தவிர. பிறகு அங்கேயே இறந்தாள். செய்தி எனக்குத்தான் வந்தது. நான் போய் வெர்னாவிடம் சொன்னேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சட்டையை முழுக்கக் காயப்போட்டு முடித்தாள். "அடக்கம் எப்போ?" என்று கேட்டாள். தபால் படகில் போனாள். லீலண்டும் போனான், படகின் மறுமுனையில் உட்கார்ந்து. அடக்கத்தில் ஓபலின் பழைய மாணவர்கள் அவனிடம் வந்து கை கொடுத்தார்களாம். அவளிடம் யாரும் வரவில்லை.

உண்ணி குறையத்தான் செய்தது. ஒரேயடியாக இல்லை. ஒரு வருஷம் நாய்களிடம் குறைந்தது. பிறகு பிள்ளைகளிடம். ஒரு வசந்தத்தில் வெர்னா விரிப்பை எடுக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். "போன தடவை ஒண்ணும் ஏறலை. அதுக்கு முந்தின தடவையும் ஏறலை" என்றாள். ஜெயித்தவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தேன். வேலை முடிந்த முகமாகக்கூட இல்லை.

வெர்னாவும் லீலண்டும் பிரியவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். அவன் மாத்திரையை அவள் எடுத்து வைப்பாள், அவன் விறகு பிளந்து அடுக்கி வைப்பான். உப்பு, ரொட்டி, மழை, இவற்றைப் பற்றிப் பேசுவார்கள்.

போன கோடையில் ஓபலின் வீட்டை வாங்கிய பெண் கடைக்கு வந்தாள். அவள் பிள்ளை வெறுங்காலோடு, அரைக்கால் சட்டையோடு, கடைக்கு எதிரே உயர்ந்த புல்லில் உருண்டுகொண்டிருந்தது. வெர்னா ரொட்டி வாங்க நின்றிருந்தாள்.

"இங்க வந்தாத்தான் நிம்மதி" என்றாள் அந்தப் பெண் என்னிடம். "எங்க ஊர்ல புல்லுல கால் வைக்க முடியாது. உண்ணி, லைம் நோய். இந்தத் தீவுல மட்டும் அதெல்லாம் கிடையாதாம். கடல் காத்துனாலயா?"

நான் வெர்னாவைப் பார்த்தேன். அவள் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தாள். நானே வாய் திறந்தேன்: "முன்னாடி இங்க மான் இருந்துச்சு..."

"அது தெரியும்! யாரோ ஒரு பொம்பளை பிடிவாதம் பிடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டாளாமே? வளர்த்த மானைக்கூட விடலையாம். பாவம், எப்படித்தான் மனசு வந்துச்சோ."

"வந்துச்சு" என்றாள் வெர்னா. ரொட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அந்தப் பெண் யார் அது என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் சிவந்து, பிள்ளையைக் கூப்பிட்டாள். பிள்ளை வரவில்லை. புல்லுக்குள் எங்கோ சிரித்துக்கொண்டிருந்தது.